ஆறு நிறுவனமும் ஒரு பால்மாப் பேணியும்

முதலே சொல்லிப்போடுறன், எனக்கு ஒருத்தரிலயும் கோபம் இல்லை. கோபப்படுறதுக்கெண்டு ஒரு படிவம் வைச்சிருக்கினம். அதை நிரப்பிக் குடுத்து எட்டு மாசமாச்சு. பதில் வந்தாப்பிறகு கோபப்படுவம் எண்டு பொறுத்திருக்கிறன்.

என்ர பேர் வீரபாகு. வட்டக்கச்சிச் சந்தியடியில ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி அடிக்கிறது, லமினேற் பண்ணுறது, பாஸ்போட் படம் எடுக்கிறது. சண்டைக்கு முந்தி உடையார்கட்டில எனக்கொரு ஸ்ரூடியோ இருந்தது. ஜெனரேற்றர் போட்டு, டிஜிற்றல் கமராவில எடுத்து, கொம்பியூட்டரில ஏத்தி வெட்டிக் குடுப்பன். அடையாள அட்டைக்கு, பரீட்சைக்கு, கலியாணப் பேச்சுக்கு எண்டு நாலு வருசத்தில மூவாயிரத்துச் சொச்சம் முகம். பெடியளுக்குப் போடவெண்டு ஒரு வெள்ளைச் சேட்டு ஆணியில தொங்கும். மேல் பொத்தான் இல்லை. அந்தப் பக்கத்துப் பெடியள் முழுப்பேரும் அந்த ஒரு சேட்டோடதான் படத்தில நிக்கிறாங்கள்.

இடம்பெயரேக்க கொம்பியூட்டரைத் தூக்க ஏலாது. உள்ளுக்க இருந்த ஹாட் டிஸ்க்கை மட்டும் கழட்டி, பழைய சாறத்துண்டில சுத்தி, பால்மாப் பேணிக்குள்ள வைச்சு மூடினன். ஓடர்க்கொப்பியை இடுப்பில செருகினன். அந்தப் பேணி எத்தினை பங்கருக்க இருந்தது, எத்தினை செக்கிங்கில மூடி திறந்து காட்டினது எண்டு கேக்காதேங்கோ. கனக்கப் பேர் வந்து சேரேல்லை, பேணி வந்து சேந்தது.

சிவலட்சுமி அக்கா எங்கட ஸ்ரூடியோவுக்குப் பின்வளவு. ஒரே பிள்ளை, கிருபன். சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுக்கவெண்டு அவன் வந்து நிண்டது எனக்கு இண்டைக்கும் தெரியும். "அண்ணை, சிரிக்கலாமோ?" எண்டு கேட்டான். "அட்டைக்குச் சிரிக்கக் கூடாதடா" எண்டன். ஓடர்க்கொப்பியில ஆயிரத்து நூற்றி எண்பத்தேழாம் இலக்கம். மாத்தளன் கடற்கரை வரைக்கும் அவனைக் கண்டதெண்டு சொல்ல ஆக்கள் இருக்கினம். அங்கால சொல்ல ஒருத்தரும் இல்லை. அட்டை அவன்ர பொக்கற்றுக்க. அல்பம் வீட்டோட எரிஞ்சுது. கிளிநொச்சியில காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மார் பந்தல் போட்டு இருக்கினமெல்லே, எல்லாரும் பிள்ளையின்ர படத்தை மடியில வைச்சிருக்க, இவா ஒரு மட்டையில பேரை மட்டும் எழுதி வைச்சுக்கொண்டிருப்பா. ஒரு படம், அவ்வளவுதான் அவா கேட்டது.

என்னைக் காணுற நேரமெல்லாம் ரெண்டு கேள்வி கேப்பா. "தம்பி, அந்தப் பேணிக்குள்ள அவன் இருக்கிறான் என்ன?"

"இருக்கிறான் அக்கா."

"கடைசியில சிரிச்சவனோ, இல்லையோ?"

எனக்கு நினைவில்லை. "படத்தைப் பாத்துத்தான் சொல்லோணும் அக்கா" எண்டுவன்.

கனகாலமா அந்தப் பழைய டிஸ்க்கைக் கொழுவ ஒரு மெசின் கிடைக்கேல்லை. போன வருசத்துக்கு முதல் வருசம் கிளிநொச்சியில கொம்பியூட்டர் திருத்துற மதுசன் எங்கயோ ஒரு வயரைத் தேடிப் பிடிச்சுக் கொழுவினான். டிஸ்க் முனகிக்கொண்டு ஓடிச்சுது. அவன் காதை வைச்சுக் கேட்டுப்போட்டு நிப்பாட்டினான்.

"அண்ணை, படங்கள் எல்லாம் இருக்குது. ஆனால் ஆள் நல்ல வருத்தம். முழுசா வாசிக்கிறதெண்டால் இன்னும் ஐஞ்சாறு தரம் தாங்கும். அதுக்கு மேல சத்தியமாத் தாங்காது. இப்பவே கொப்பி எடுத்துவிடட்டோ? ஒரு மணித்தியாலம் போதும்."

நான் என்ன சொல்லியிருக்கோணும்? உங்களுக்கே தெரியும். ஆனால் நான் சொன்னது வேற. ஏனெண்டால் அவன்ர மேசையில அண்டைய பேப்பர் கிடந்தது, அதில ஒரு அறிவித்தல். நாலு ஆய்வு நூலகமும் ரெண்டு ஆவணக் காப்பகமும் ஒண்டாச் சேந்து 'வன்னிப் பெருநில எண்ணிமப் பேணுகைக் கூட்டமையம்' தொடங்கியிருக்கினமாம். 'உங்கள் நினைவுகளை எம்மிடம் தாருங்கள். ஆறு இடங்களில் ஆறு பிரதிகள். ஊழி வரினும் அழியாது. ஒப்படைக்கும்வரை மூலத்தில் எவ்விதக் கையாளுகையும் செய்யாதீர்கள்.' கீழ ஆறு இலச்சினை, வடிவா வரிசையா.

எங்கட அப்பா எழுபத்தேழுக் கலவரத்தோட மாத்தளைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர். நீ எந்த நாட்டுக்காரன் எண்டு கேட்டால் காட்டக் கையில ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. அதாலயோ என்னவோ, முத்திரை குத்தின கடுதாசி ஒண்டு கண்டால் சேட்டுப் பொத்தானைப் பூட்டிப்போட்டுத்தான் வாசிப்பார். அந்த வருத்தம் எனக்கும் இருக்கு. கந்தோரெண்டால் ஒரு பயம், பயத்துக்கு மேல ஒரு பக்தி. ஆறு முத்திரையை ஒண்டாக் கண்டால் கேக்கவே வேணும்?

"வேண்டாம் தம்பி, பெரிய இடத்தில குடுப்பம்" எண்டன்.

"அண்ணை, அந்த ஒரு படத்தை எண்டாலும்..."

"கையாளக் கூடாதெண்டு போட்டிருக்கடா."

மதுசன் வயரைக் கழட்டித் தந்தான். என்ர மனுசி இண்டைக்கும் அந்த நாளைச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குத் தேத்தண்ணி ஊத்துறவா.

ஒப்படைக்கிற நாளை ஒரு விழாவா வைச்சவை. கிளிநொச்சியில புதுக் கட்டடம், ஏசி. மங்கள விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை எண்டு நிகழ்ச்சி நிரலே நாலு பக்கம். நாடா வெட்ட ஆறு நிறுவனத் தலைவர்களும் வந்திருந்தினம். ஒருத்தர் வெட்டினால் மற்ற ஐஞ்சு பேருக்கும் மரியாதை இல்லையெண்டு ஆறு கத்தரிக்கோல். ஆறுபேரும் ஒண்டா வெட்டினதில நாடா ஏழு துண்டாச்சு. துண்டுக்கொரு இலக்கம் போட்டு உறையில வைச்சினம். அந்தக் கூட்டமையம் பாதுகாத்த முதல் சாமான் அந்த நாடாத்தான்.

எனக்கு வெள்ளைக் கையுறை போட்டுவிட்டு, மேடையில பேணியைக் குடுக்கச் சொல்லிச்சினம். பதினைஞ்சு வருசமா வெறுங்கையால தூக்கின பேணி. கையுறையோட வழுக்கி விழப் பாத்தது. சிவலட்சுமி அக்கா முன்வரிசையில இருந்து "ஐயோ தம்பி!" எண்டு கத்திப்போட்டா.

இணைப்பாளர் கலாநிதி ஜனகன் பேசினார். நல்ல குரல். கறுத்தக் கோட்டு, அந்த வெயிலுக்கும்.

"அன்பார்ந்தவர்களே! இந்தத் தட்டைப் பிரதி செய்ய ஒரு மணித்தியாலம் போதும் என்று சிலர் கூறுகிறார்கள். உண்மைதான். ஒரு பாமரன் ஒரு மணித்தியாலத்தில் செய்து முடித்துவிடுவான். ஆனால் அதே வேலையை ஆறு நிறுவனங்கள் கூடிச் செய்வதற்கு எத்தனை ஆண்டுகள் எடுக்கும் என்பதிலேதான் எமது ஆற்றல் தங்கியிருக்கிறது! தனியொருவர் எடுத்தால் அது கொப்பி. கூடி எடுத்தால்தான் அது பேணுகை!"

சனம் கைதட்டிச்சுது. நானும் தட்டினன். கையுறை போட்டிருந்தபடியால் சத்தம் கேக்கேல்லை.

ஒரு ஒப்பந்தத்தில கையெழுத்து வாங்கிச்சினம். மூலம் அவையின்ர பொறுப்பில இருக்கும்வரை நான் தனியாப் பிரதி எடுக்கக் கூடாது. ஆறு நிறுவனத்திலயும் ஒண்டு மற்றதுக்கு முந்திப் பிரதி எடுக்கக் கூடாது. பிறகுதான் தெரிஞ்சுது, இணையத்தளத்தில ஆரின்ர பேர் முதல் வாறதெண்டு அவைக்குள்ள நாலு மாசம் இழுபறிப்பட்டு, கடைசியில ஆறு பேரையும் வட்டமாப் போட்டுச் சமாளிச்சவையாம். அந்தப் பிரச்சினை இனி வரக்கூடாதெண்டுதான் இந்த விதி.

தரநியமக் குழுத் தலைவி ராஜினி எண்டொரு அம்மா. கண்ணாடிக்கு மேலால பேணியைப் பாத்துப்போட்டுச் சொன்னா: "கொள்கலனும் உள்ளடக்கமும் ஒரே குழுவின் கீழ் வர முடியாது." டிஸ்க்கை எடுத்து மேசை லாச்சியில வைச்சினம். பேணி கண்ணாடிப் பெட்டிக்குள்ள போச்சு, ஏசி அறைக்கு. சாறத்துண்டைத் துணிகளுக்கான உபகுழுவுக்கு அனுப்பிச்சினம். உபகுழு இன்னும் தொடங்கேல்லையாம்.

ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாள் அங்க வேலை செய்யிற அனோஜா போன் எடுத்தா. நல்ல பிள்ளை, அந்தக் கட்டடத்துக்குள்ள ஆளோட ஆளாக் கதைக்கிறது அது ஒண்டுதான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. படிவத்தில ஆக்கியோன் எண்டு உங்கட பேரைப் போட்டிருக்கிறன். பிறந்த வருசம் போட்டாச்சு. இறந்த வருசம் போடாமல் அங்கால போக விடுகுதில்லை."

"நான் இன்னும் சாகேல்லைப் பிள்ளை."

"தெரியும் அண்ணை. நான் சொல்லிப் பாத்தனான். ஆக்கியோர் உயிரோட வந்து குடுப்பினம் எண்டு யோசிக்காமல் செய்த படிவமாம். அண்ணளவா ஒண்டு சொல்லுங்கோவன்."

ரெண்டாயிரத்து ஐம்பது எண்டு போடச் சொன்னன். மனுசிக்கு நல்ல சந்தோசம். ஒரு கிழமையால ராஜினி அம்மா திருப்பி அனுப்பியிருந்தா: 'ஆதாரம் இணைக்கவும்.' கிராம சேவையாளரிட்டப் போய், ரெண்டாயிரத்து ஐம்பதில செத்துப்போவன் எண்டு ஒரு கடிதம் கேட்டன். அவர் என்னை மேலயும் கீழயும் பாத்துப்போட்டு, இப்போதைக்கு உயிரோட இருக்கிறார் எண்டு மட்டும் எழுதித் தந்தார். அதோட ஒரு மாதிரிப் படிவம் ஏறிச்சுது.

அதுக்குப் பிறகுதான் 'முழுமை சரிபார்ப்பு' எண்ட கட்டம் வந்தது. என்ன சாமான் எண்டு அனோஜாதான் எனக்கும் அக்காவுக்கும் விளங்கப்படுத்தினா.

"டிஸ்க்கைத் தலையில இருந்து கால்வரை வாசிச்சு, அதில இருந்து ஒரு இலக்கம் எடுக்கிறது. அறுபத்து நாலு எழுத்து. மூவாயிரம் படத்தில ஒரு படம், அதில ஒரு புள்ளி மாறினாலும் இலக்கம் மாறிப்போகும். கைநாட்டு மாதிரி எண்டு வையுங்கோவன்."

"அப்ப வாசிக்கிறதோட வாசிக்கிறதா அப்பிடியே கொப்பியும் எடுத்துவிட்டால் என்ன பிள்ளை?"

அனோஜா கதவுப் பக்கம் பாத்துப்போட்டு மெல்லச் சொன்னா. "அது நாலாம் கட்டம் அண்ணை. நாங்கள் ரெண்டாம் கட்டத்தில நிக்கிறம்."

"மதுசன் சொன்னவன், ஐஞ்சாறு தரம்தான் வாசிக்குமெண்டு."

"நானும் எழுதிக் குடுத்தனான். மூலத்தின்ர உடல்நிலை ஐஞ்சாம் கட்டமாம்."

சரி, ஒருக்காத்தானே எண்டு பாத்தால், ஒரு நிறுவனம் எடுத்த இலக்கத்தை மற்ற நிறுவனம் நம்பாதாம். நம்பினால் அது கூட்டுமுயற்சி இல்லையாம், கண்மூடித்தனமாம். ஆறு நிறுவனமும் தங்கட தங்கட தொழில்நுட்ப அலுவலரை, தங்கட தங்கட மடிக்கணினியோட அனுப்பித் தனித்தனியா வாசிக்கோணும். பேர் எல்லாம் நீளம், நான் ஒண்டாம் நிறுவனம், ரெண்டாம் நிறுவனம் எண்டே சொல்லுறன்.

ஒண்டாம் நிறுவனம் மாசியில வந்தது. வாசிச்சுது. இலக்கம் வந்தது. எல்லாரும் கைதட்டிப்போட்டு றோல்ஸ் சாப்பிட்டினம்.

ரெண்டாம் நிறுவனம் சித்திரைப் பொங்கல் முடிஞ்சு வந்தது. அதே இலக்கம். கேக்.

மூண்டாம் நிறுவனம் வந்த அண்டு சிவலட்சுமி அக்காவும் வந்தவா. ஒவ்வொரு தரமும் அவா வருவா. உடையார்கட்டில இருந்து முதல் பஸ் எடுத்து, மடியில ஒரு வெறும் படச்சட்டத்தோட வந்து வாசல் கதிரையில இருப்பா. சட்டம் புதுசு, கண்ணாடியில ஒட்டின விலைத்துண்டையும் கழட்டேல்லை. அண்டைக்கு என்னை மட்டும் உள்ளுக்க நிக்க விட்டினம். திரையில படங்களின்ர இலக்கம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு ஓடுது. ஆயிரத்து நூற்றி எண்பத்தைஞ்சு, எண்பத்தாறு, எண்பத்தேழு. நான் கத்திப்போட்டன். "தம்பி, நிப்பாட்டுங்கோ, அதுதான்! அந்த ஒண்டைத் திறந்து காட்டுங்கோ, தாய் வெளியில இருக்கிறா!"

அந்த அலுவலர் கெட்ட ஆள் இல்லை. கை ஒருக்கா மௌசுக்குப் போனது. ராஜினி அம்மா தொண்டையைச் செருமினா. "பார்வை அனுமதி ஆறாம் கட்டம். விண்ணப்பப் படிவம் வெளியில் உண்டு." எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது எண்டு ஓடிப்போச்சுது. நான் வெளியில வந்து படிவத்தை எடுத்து அக்காவின்ர பேரில நிரப்பினன். 'கோரும் ஆவணம்' எண்ட இடத்தில அவா கிருபன் எண்டு எழுதச் சொன்னா. 'விண்ணப்பதாரரின் ஆய்வு நோக்கம்' எண்டொரு கேள்வி. அக்காவுக்கு வாசிச்சுக் காட்டினன்.

"என்ர பிள்ளையைப் பாக்கிறதுக்கு எண்டு போடு."

ஆய்வு நோக்கத்தில அப்பிடிப் போட ஏலாதெண்டு அனோஜா தலையைக் குனிஞ்சுகொண்டு சொன்னா. 'இளையோர் முகபாவம் பற்றிய கற்கை' எண்டு அவாவே எழுதிவிட்டா.

நாலாம் நிறுவனம் வாசிக்கேக்க டிஸ்க் முனகிறதை விட்டுக் கடகட எண்டு தட்டத் தொடங்கிச்சுது. நான் நேர கலாநிதி ஜனகனிட்டப் போனன். "ஐயா, கும்பிட்டுக் கேக்கிறன். ஆரின்ரயாவது ஒரு கொம்பியூட்டரில ஒரு கொப்பி எடுங்கோ. பிறகு நீங்கள் ஆறென்ன அறுபது தரமும் வாசியுங்கோ."

அவர் என்னைக் கதிரையில இருத்தி, தேத்தண்ணி குடுத்து, தோளில கை வைச்சார். "வீரபாகு, நீங்கள் ஒரு கலைஞர். உணர்ச்சிவசப்படுவீர்கள். நாங்கள் நிறுவனம். எமக்கு உணர்ச்சி கிடையாது, அதுதான் எமது பலம். சரிபார்க்காமல் எடுத்த பிரதி என்றால் நாளைக்கு உலகம் சிரிக்கும். இல்லாமல் போனாலும் பரவாயில்லை, பிழையாய் இருக்கக் கூடாது."

தேத்தண்ணி நல்லா இருந்தது. அதையும் சொல்லோணும்.

வீட்டை வந்து மனுசியிட்ட எல்லாம் சொன்னன். அவா "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் எண்டுவினம். இஞ்ச ஒரு மரத்தை ஆறு தச்சன் தட்டித் தட்டிப் பாக்கிறாங்கள்" எண்டா. பிறகு "களவெடுத்துக்கொண்டு வாங்கோவன்" எண்டா. யோசிச்சன். பொய் சொல்லேல்லை, ரெண்டு நாள் யோசிச்சன். லாச்சிக்குப் பூட்டும் இல்லை. ஆனால் கையெழுத்து வைச்சிருக்கிறன். அப்பாவின்ர பிள்ளை.

ஐஞ்சாம் நிறுவனம் பாதி வாசிக்கேக்க கரண்ட் போச்சு. பேணி இருந்த அறைக்கு மட்டும் தனி ஜெனரேற்றர், அந்த ஏசி நிக்கேல்லை. கரண்ட் வந்தாப்பிறகு தலையில இருந்து திரும்ப வாசிச்சினம். ஆறாம் நிறுவனம் வெளிநாட்டில, நிபுணர் காணொளியில நிண்டு பாத்தார். டிஸ்க் தட்டின தட்டில மேசையில இருந்த தண்ணிப் போத்தல் நகருது. எங்கட குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டு முடிச்சுப்போட்டு அக்காவின்ர ஊர்ப் பிள்ளையாரையும் கூப்பிட்டன். இலக்கம் வந்தது. அதே இலக்கம். காணொளியில அந்த மனுசன் பெருவிரலை நீட்டிக் காட்டினார். மூண்டாம் கட்டம் கூட்டங்கள், ரெண்டு மாசம். டிஸ்க் லாச்சியில கிடந்தது.

நாலாம் கட்டம் பிரதியெடுப்பு விழா. ஒரு மேசையில ஆறு மௌஸ். ஒருத்தருக்கு ஒருத்தர் முந்தக் கூடாதெண்டு ஆறு தலைவர்களும் ஒரே நொடியில அமத்தோணும். முதல் நாளே ஒத்திகை பாத்தினம். 'மூன்று' எண்டு சொல்ல முதல், 'இரண்டு' எண்டதுக்கே ஒருத்தர் அமத்திப்போட்டு, அதால ஒரு சண்டை. விழா அண்டு சரியா அமத்திச்சினம். மேளம் அடிச்சுது. பூ தூவிச்சினம்.

டிஸ்க் ஒருக்கா டக் எண்டிச்சுது. பிறகு ஒண்டும் இல்லை.

அமத்தினவை அமத்தினபடி நிக்கினம். மேளகாரர் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். அனோஜா ஓடிப்போய் வயரைக் கழட்டிக் கொழுவினா. திரும்பக் கொழுவினா. இல்லை. அறிவிப்பாளர் மைக்கைத் தட்டிப்போட்டு, "அடுத்து கலை நிகழ்வு" எண்டார். பிள்ளையள் வந்து அரிவிவெட்டு நடனம் ஆடிச்சினம்.

ஊர் கூடித் தேர் இழுத்ததெண்டால் அதுதான். சாமியை ஏத்தத்தான் மறந்துபோச்சினம்.

கலாநிதி ஜனகன் நன்றியுரைக்கு எழும்பினார். கொஞ்சம் முகம் கறுத்திருந்தது, ஆனால் ரெண்டாம் வசனத்தில குரல் வந்திட்டுது.

"மூலம் அழியும். அது மூலத்தின் இயல்பு. ஆனால் மூலம் முழுமையாக இருந்தது என்பதற்கான சான்று எம்மிடம் இருக்கிறது! ஆறு நிறுவனங்கள், ஆறு வாசிப்புகள், ஒரே இலக்கம். ஒரு எழுத்துப் பிசகவில்லை! உலகில் எங்கும் இப்படியொரு ஒற்றுமையைக் காட்ட முடியுமா? இந்த இலக்கம் இன்று முதல் ஆறு இடங்களில் ஆறு பிரதிகளாகப் பேணப்படும். நாளை எவராவது எங்கிருந்தாவது இந்தப் படங்களைக் கொண்டுவருவார்களாயின், அவை இவைதானா என்று ஒரு நொடியில் கூறிவிடுவோம்!"

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. என்ர காதுக்க மதுசன்ர குரல்தான் கேட்டுது: ஒரு மணித்தியாலம் போதும் அண்ணை.

அக்காவுக்கு நான்தான் சொல்லோணும். வாசல் கதிரையில சட்டத்தோட இருந்தவா. எப்பிடிச் சொன்னன் எண்டு எனக்கே தெரியாது. அவா அழேல்லை. "பேணி இருக்குதோ?" எண்டு கேட்டா. இருக்குது அக்கா, நல்லா இருக்குது எண்டன். அது இண்டைக்கும் சுகமா இருக்குது, போனால் நீங்களும் பாக்கலாம்.

டிஸ்க்கைத் திருப்பித் தாங்கோ, கொழும்பில ஆரும் திருத்துவினமோ பாப்பம் எண்டு கேட்டன். செயலிழந்த மூலத்தை வெளியில விட ஆறு நிறுவனமும் கையெழுத்து வைக்கோணுமாம். நாலு கையெழுத்து வந்திருக்காம். அப்பதான் அந்தக் கோபப் படிவத்தை நிரப்பினனான்.

போன மாசம் சிவலட்சுமி அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையோட தூக்கிக்கொண்டு என்ர கடைக்கு வந்தா. வெள்ளைக்கு நீலக் கரைச் சீலை, பூசைக்குக் கட்டுறது. 'தங்கள் பார்வை விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட்டுள்ளது. மேற்படி சேகரிப்பைப் பார்வையிட ஏழு நாட்களுக்குள் சமூகமளிக்கவும்.' ஆறு முத்திரை.

"தம்பி, திருத்திப்போட்டினம் போல" எண்டா.

எனக்குத் தெரியும், இல்லையெண்டு. ஆனால் அந்த முகத்தைப் பாத்து ஆர் சொல்லுறது? அதோட, உண்மையைச் சொல்லுறன், ஆறு முத்திரையைக் கண்டோடன எனக்கும் ஒரு நப்பாசை. மோட்டார் சைக்கிள்ள ஏத்திக்கொண்டு போனன்.

பார்வை அறையில எங்களை இருத்தி, ரெண்டு பேருக்கும் வெள்ளைக் கையுறை போட்டினம். புத்தகத்தில கையெழுத்து. போனை வாங்கி வைச்சினம். அனோஜா எங்களைக் கண்டதும் எழும்பி, பிறகு இருந்து, பிறகும் எழும்பினா. "அண்ணை, கடிதம் தானாப் போயிருக்கு. நான் மறிச்சிருப்பன், எனக்குத் தெரியாது" எண்டா. அதுக்கிடையில ராஜினி அம்மா வந்து, சேகரிப்பைத் திறக்கச் சொல்லிப்போட்டா.

பெரிய திரை. சுவர் அளவு. அதில அறுபத்து நாலு எழுத்து, நடுவில, கறுப்பில. வேற ஒண்டும் இல்லை.

அக்கா கனநேரம் பாத்தா. அவாவிட்ட முதலே ஒரு இலக்கம் இருக்குது, காணாமல் போன ஆக்களைத் தேடுற கந்தோரில குடுத்த கோவை இலக்கம். அதை நான்தான் லமினேற் பண்ணிக் குடுத்தனான். அவாவுக்கு இலக்கம் புதுசில்லை.

"தம்பி, இதில என்ர பிள்ளை எவடத்தில?"

எழுத்து எழுத்தாய்ப் பிரிச்சால் ஒருத்தரும் இல்லை, எல்லாரும் சேந்த இலக்கம் அது எண்டு எனக்கு விளங்கப்படுத்தியிருக்கினம். அதை அவாவுக்கு எப்பிடிச் சொல்லுறது? நான் எழும்பிப்போய், நடுவில ஒரு இடத்தைக் காட்டினன்.

"இந்த இடத்தில அக்கா."

அவா கதிரையால எழும்பி வந்தா. கையுறையைக் கழட்டினா. திரையில கை வைக்கக் கூடாதெண்டு ராஜினி அம்மா சொல்ல வாயெடுத்தா, சொல்லேல்லை. அக்கா நான் காட்டின இடத்தில விரலை வைச்சு, ஒரு எழுத்துக்கு மேலால மெல்லத் தடவினா.

"மெலிஞ்சு போனான்" எண்டா.

பிறகு கையுறையை மடிச்சு மேசையில வைச்சுப்போட்டு, உடையார்கட்டால போற புதுக்குடியிருப்பு பஸ்சுக்கு நேரமாச்சு எண்டு வெளிக்கிட்டா. நான் பஸ் நிலையம் மட்டும் கொண்டுபோய் விட்டன். சிரிச்சவனோ எண்டு அவா அதுக்குப் பிறகு என்னட்டக் கேக்கிறேல்லை.